கோழிக்கு யானை பந்தயம்

வெகுகாலத்துக்கு முன்னால் கடம்பை நாட்டை அதிரூபவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் சபை கூடினால் சூதாட்டம், சாப்பிட்டு எழுந்தால் மறுபடி சூதாட்டம். நாட்டை மந்திரி நல்லாதன் பார்த்துக்கொண்டார்.

ஆட்டம் எளிது. கலயத்தில் ஐந்து சோழிகள். ஒன்றில் மட்டும் சிவப்புப் பொட்டு. ராஜா தட்டில் பொன் வைப்பான். ஆடுகிறவன் கஜானாவில் ஐந்து பொன் கட்டிவிட்டு, பார்க்காமல் கைவிட்டு ஒரு சோழி எடுக்க வேண்டும். பொட்டு வந்தால் தட்டில் இருப்பதெல்லாம் அவனுக்கு. வராவிட்டால் கட்டிய ஐந்தும் போச்சு. ஆட்டத்துக்குக் கூப்பிட்டு மறுத்தாலோ, யாராக இருந்தாலும் மீசையில் பாதியைச் சிரைத்துவிடுவார்கள். பாதி மீசைக்காரனுக்குச் சபையில் இடமில்லை.

தளபதி புலிமார்பன் ஒரு தரம்கூட மறுத்ததில்லை. தட்டில் மூன்று பொன் இருந்தாலும் ஐந்தைக் கட்டிவிட்டு மீசையை முறுக்குவான். அவன் வீட்டு வெள்ளிச் சொம்பெல்லாம் பித்தளைச் சொம்பாகிக்கொண்டிருந்தது. மீசை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மந்திரி பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஒருநாள் ராஜா தட்டில் பத்துப் பொன் வைத்து, "மந்திரியாரே, வாரும்!" என்றான்.

"வேண்டாம் அரசே."

தளபதி துள்ளி எழுந்தான். "பார்த்தீர்களா மகாராஜா! போன வாரம் ஆடித் தோற்றாரே, அன்றைக்கே தைரியம் போய்விட்டது!"

"போன வாரம் தட்டில் நாற்பது இருந்தது" என்றார் நல்லாதன். "ஐந்து தடவை கைவிட்டால் ஒரு தடவை பொட்டு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு இருபத்தைந்து, வரவு நாற்பது. ஆடலாம், ஆடினேன். தோற்றது என் நேரம்; ஆனாலும் ஆடியது சரிதான். இன்றைக்கு இருபத்தைந்தைக் கொடுத்துப் பத்து வாங்க எனக்கென்ன தலையெழுத்தா?"

"வீரனுக்கு எதற்கய்யா கணக்கு?" என்றான் தளபதி. ராஜாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. "கூப்பிடு மருதையை!"

அரண்மனைச் சவரக்காரர் மருதை கிண்ணமும் கத்தியுமாக வந்து மந்திரியின் மீசையை நனைத்தார். நல்லாதன் ஓரக்கண்ணால் தளபதியைப் பார்த்தார். தன் ஆசனத்தில் இந்த மடையன் உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் நாடே திவாலாகிவிடும்.

"அரசே, மீசை போகுமுன் ஒரே ஓர் ஆட்டம். தட்டு என்னுடையது, ஆடுவது தாங்கள்."

ஆட்டம் என்றதும் ராஜாவுக்குக் கை பரபரத்தது. "வையும், வையும்!"

"தட்டில் என் வீட்டுக் கோழி ஒன்று. தாங்கள் கட்ட வேண்டியது பட்டத்து யானை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? யானையைக் கட்டிவிட்டுக் கோழிக்கு எவனாவது கைவிடுவானா? நான் ஆடவில்லை, போம்!"

மருதை சட்டம் தெரிந்தவர். மந்திரியை விட்டுவிட்டு, கிண்ணத்தோடு சிம்மாசனத்தை நோக்கி நடந்தார்.

"நில்லடா!" ராஜா இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான்.

"தாங்கள் மறுத்தது பயத்தாலா அரசே, கணக்காலா?" என்று பணிவாகக் கேட்டார் நல்லாதன்.

ராஜா யோசித்தான். பழக்கமில்லாத வேலை, வியர்த்துக் கொட்டியது. "கணக்கால்தான்" என்றான் கடைசியில். "இனிமேல் கட்டுப்படியாகாத ஆட்டத்தை மறுப்பவன் மீசையில் யாரும் கைவைக்கக் கூடாது. எனக்கும் மந்திரிக்கும் இந்தச் சட்டம் நேற்றிலிருந்தே அமல்!" தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

"தளபதியாருக்கு?"

"அவனுக்கு நாளையிலிருந்து. புலிமார்பா, அதே கோழிதான் பந்தயம். நீ கட்ட வேண்டியது உன் மாளிகை. வா, ஆடு!"

சபை முழுக்கத் தளபதியைத் திரும்பிப் பார்த்தது. அவன் கலயத்தைப் பார்த்தான், விரல்களை மடக்கினான், வாய்க்குள் முணுமுணுத்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கணக்குப் போட்டான். பிறகு மருதையின் முன்னால் போய் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டான்:

"எந்தப் பக்கத்தை எடுத்தால், அப்பா, கொஞ்சம் லட்சணமாக இருக்கும்?"