நூற்று நாற்பது தட்டுகள்

விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அத்தனை பேரும் பாதியைத்தான் சொன்னார்கள்.

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். முதலாளி பூட்டிவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் முதலில் மாட்டை விற்றார்கள், பிறகு ஆட்டை, கடைசியில் கோழியை. மோர் ஊற்றக்கூட ஒரு வீட்டில் வழியில்லை என்றான பிறகு, எதிரே இருந்த கொட்டகையில் ஒரே அடுப்பு மூட்டினார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை, நூற்று நாற்பது பேருக்குக் கூட்டாஞ்சோறு. ரேஷன் அரிசி பன்னிரண்டு கிலோ, பருப்பு மூன்று கிலோ, வயிறு நிறைய வேண்டும் என்பதற்காகப் பரங்கிக்காய், வேலியோரத்து முருங்கைக்கீரை, மணத்துக்கு இரண்டு தேங்காய். அவ்வளவுதான் விருந்து.

சமைத்தவள் பேச்சியக்கா. அவள் கைமுறை ஒன்று உண்டு. கீரையைப் போட்டதும் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரோடு வீட்டுக்குப் போவாள். அங்கே அவள் புருஷன் சுடலைமுத்து நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தார். அவருக்குப் புகட்டிவிட்டு, கழுவிய டம்ளரோடு திரும்பி வந்துதான் அண்டாவில் மூன்று கை உப்பு அள்ளிப் போடுவாள். அப்படியும் உப்பு ஜாஸ்தி, உப்புக் குறைச்சல் என்று யாராவது முனகாமல் ஒரு பந்தியும் முடிந்ததில்லை. எவ்வளவு பசித்தாலும் நாக்குக்குத் திமிர் குறையாது.

லயத்துக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை யாரும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். இருபது வீட்டுக்கும் ஒரே கூரை, சுவர் பாதி உயரம்தான். சுடலைமுத்து இருமினால் கடைசி வீட்டில் தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும். துக்கத்தை மட்டும் எப்படித் தனியாக வைத்துக்கொள்வது?

அன்று பேச்சியக்கா டம்ளரோடு போனபோது இருமல் நின்றிருந்தது. போனவளைக் காணவில்லையே என்று தேடி வந்தார் ராக்கப்பன். விறகு பிளந்து கொடுப்பவர், செத்தவருக்குக் கூட்டாளி. அவள் புருஷனின் கண்ணை மூடிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சோறு இறக்குற பதத்துல இருக்கு. இப்ப நான் வாயைத் தொறந்தா அத்தனை பேரும் தட்டைக் கவுத்திட்டு எந்திரிச்சுருவாங்க. திருப்பூர்லருந்து மகன் வந்து எடுக்க நாளைக்கு ஆயிரும். பிள்ளைங்க அதுவரைக்கும் தாங்காது. சாப்பிட்டு முடிக்கட்டும், பெறகு அழுதுக்கிறேன்."

செத்தவனுக்கு அழாமல் ஊருக்குப் பரிமாறுவதா என்று ராக்கப்பன் மல்லுக்கு நின்றார். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, பிணம் தனியே கிடக்கக்கூடாது என்று அந்த வாசலிலேயே உட்கார்ந்தார். அவர் தட்டு அன்று காலியாகவே இருந்தது.

பேச்சியக்கா வெறுங்கையோடு வந்து அகப்பையை எடுத்துப் பரிமாறினாள். பந்தியில் பேச்சே இல்லை. ஒரு சின்னப் பெண் முகத்தைச் சுளித்து ஏதோ சொல்ல வந்தாள், அவளுடைய அம்மா தொடையில் கிள்ளினாள். இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. ஆனால் யாரும் மிச்சமும் வைக்கவில்லை. அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். அழ வாயைத் திறக்குமுன்பே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டபடி வாசலில் வந்து நின்றார்கள்.

பதினாறாம் நாள் கூட்டத்தில் பேச்சியக்கா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். உங்களுக்குத் தெரியாமலே உங்களை எல்லாம் தீட்டுச் சோறு தின்ன வைத்துவிட்ட பாவி நான் என்றாள். மறைத்தவன் நானும்தான் என்றார் ராக்கப்பன். அப்போது கைக்குழந்தைக்காரி எஸ்தர் எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா. டம்ளர் இல்லாம வந்தப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். பிள்ளைக்குப் பால் வேணும்ல."

மற்ற எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து எஸ்தருக்கு, 'தெரிந்தே தின்றவள்' என்று பேராகிவிட்டது. பந்தியில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பேச்சியக்கா அதன் பிறகு சாகும்வரை அகப்பையைத் தொடவே இல்லை.

மறைத்துப் பரிமாறிய மனைவி, மறைத்துக் காவலிருந்த கூட்டாளி, தெரிந்தே தின்ற தாய். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவர் செய்ததும் சரிதான். ஆனால் அது பாதி விடை. இன்னொரு பாதி அண்டாவில் கிடக்கிறது. அன்று பேச்சியக்கா உப்புப் போடவில்லை. தினமும் உப்புக்கு முனகிய வாய்களில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. இருமல் நின்றது இருபது வீட்டுக்கும் கேட்டிருந்தது. அத்தனை பேரும் தெரிந்துதான் தின்றார்கள். பசித்தவர்கள் தின்றது தப்பே இல்லை. கூட்டத்தில் அவள் மண்ணில் கிடந்தபோது, எங்களுக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தரையைப் பார்த்தார்களே, அதுதான் தப்பு. சொல்லியிருந்தால் அவள் பாவி என்ற நினைப்போடு சாகாமல் இருந்திருப்பாள். உப்பில்லை என்பது உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் தட்டிலும்தான் இல்லை.