முறிந்த கோல்

ஆறுகளுக்கெல்லாம் மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அந்தக் காலத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓர் ஆண்டு வெள்ளம் வந்து வயல் வரப்புகளை எல்லாம் கரைத்துக்கொண்டு போனது. நீர் வடிந்தபின் எது யார் வயல் என்று தெரியவில்லை. ஊர்த் தலைவன் எயினன் சபையைக் கூட்டினான்.

"எனக்கும் சரி, உங்களுக்கும் சரி, வீட்டுக்கு நூறு தப்படி அகலம்" என்றான். ஊர் மகிழ்ந்தது.

ஆனால் எயினனின் வயலை அளந்தவன் ஒரு நெட்டையன். தாவித் தாவி நடந்தான். ஊராரின் வயல்களை அளந்தவன் ஒரு குட்டையன்; ஒட்டி ஒட்டி நடந்தான். இருவரும் எண்ணியது என்னவோ நூறுதான்.

பெரியவர்கள் பார்த்தார்கள், பேசவில்லை. தலைவனின் வயலோரம் வேல்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

மாசாத்தி என்றொருத்தி இருந்தாள். அவளுக்குக் கிடைத்த நிலம் அவள் பிள்ளைகளின் அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. அவள் ஒரு மூங்கில் கோலை வெட்டி, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கோல் முடியும் இடத்தில் கோடு கிழித்து, அங்கிருந்தே மறுபடி வையுங்கள். கடைசிவரை அதே கோலை வையுங்கள்."

பிள்ளைகள் தெருவை அளந்தார்கள். படகை அளந்தார்கள். படுத்திருந்த எருமையையும் அளந்தார்கள்; அது பாதியில் எழுந்து போய்விட்டது.

பிறகு ஒரு நாள், நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க, மாசாத்தி அவர்களைத் தலைவனின் வயலுக்கே அழைத்துப் போனாள். எயினன் விரைந்து வந்தான்.

"யாரைக் கேட்டு அளக்கிறாய்?"

"குறைத்துக் கொடுத்தபோது எங்களைக் கேட்டீர்களா, தலைவரே?"

எயினன் கோலைப் பிடுங்கி முறித்துப் போட்டான்.

மாசாத்தி குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். "மறுபடி ஓரத்திலிருந்து தொடங்குங்கள்."

"கோல் சின்னதாகிவிட்டதே" என்றாள் ஒரு சிறுமி.

"எண்ணிக்கைதான் கூடும், நிலம் கூடாது. நம் வயலையும் இதே துண்டால் அளப்போம்."

எயினன் அந்தத் துண்டையும் முறித்தான். அவள் அதிலும் ஒரு துண்டை எடுத்தாள். பிள்ளைகள் மறுபடி ஓரத்துக்கு ஓடினார்கள். இப்போது அவர்கள் எண்ணுவது ஆற்றங்கரைவரை கேட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வரிசையாக நின்றார்கள்.

"அதையும் முறி" என்று எயினன் வேல்காரனிடம் சொன்னான்.

வேல்காரன் பிள்ளைகளைப் பார்த்தான். வேலை மண்ணில் ஊன்றினான்.

"மாட்டேன், தலைவரே. அந்தக் குறுகிய வயல்களில் ஒன்று என் தாயுடையது."

அதன்பின் யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் தலைவனின் வயலை அளந்தார்கள். அதே துண்டால் மாசாத்தியின் வயலையும் அளந்தார்கள். அவன் வயல் சரியாக இரண்டு மடங்கு இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரே இறங்கிப் புது வரப்பு கட்டியது. எயினனுக்கும் ஒரு பங்கு விட்டார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்த அதே அகலம்.

ஆளுக்கு ஆள் மாறுவது அளவே அல்ல. அதை எதிர்த்துக் கேட்க எவரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.