மேலே இருந்து தோற்றவள்

அஞ்சுகம் இரண்டு தடவை தோற்றாள். இரண்டு தடவையும் மேலே இருந்துதான் தோற்றாள்.

ஜியு-ஜிட்சு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியைத் தரையில் சாய்த்து, மேலே ஏறி, கையையோ கழுத்தையோ மடக்க வேண்டும். தாங்க முடியாமல் அவர் கையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது. யாரும் தட்டாவிட்டால், நேரம் முடியும்போது புள்ளி அதிகம் உள்ளவருக்கு வெற்றி. மல்லாந்து கிடக்கிறவரின் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் இருப்பதிலேயே நல்ல இடம். அங்கே ஏறிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்பார்கள்.

அஞ்சுகம் அங்கே ஏறினாள். ஏறியும் தோற்றாள்.

முதல் தடவை கோயம்புத்தூர் மிருதுளாவின் தலையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. மிருதுளா அந்தக் கையையே பிடித்து, இடுப்பைத் தூக்கி, அவளைப் புரட்டிப் போட்டாள். அடுத்த வருஷமும் அதே மிருதுளா. இந்தத் தடவை அஞ்சுகம் பிடித்து வைக்கவே இல்லை, ஏறின வேகத்தில் கையை மடக்கப் பாய்ந்தாள். கையும் வரவில்லை, இடமும் போனது.

அஞ்சுகம் வண்ணாரப்பேட்டையில் கேஸ் சிலிண்டர் போடுகிறவள். லிஃப்ட் இல்லாத வீடாக இருந்தால் மூன்று மாடியும் தோளில் தூக்கிக்கொண்டு போவாள். வயது முப்பத்தைந்து. அடுத்த வருஷம் அவளுடைய வயதுப் பிரிவு மாறிவிடும். அந்தப் பிரிவில் அவள் எடைக்கு மோத ஆள் வருவதில்லை. போய் நின்றால், யாரோடும் மோதாமலே கழுத்தில் மெடலைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அந்த மெடல் அவளுக்கு வேண்டாம். அதனால் இந்த வருஷம்தான். மிருதுளாவைத்தான்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கோச்சின் பெயர் நிலோஃபர். இருபத்து நாலு வயது. அஞ்சுகத்தைவிடப் பதினோரு வயது சின்னவள், பதினைந்து கிலோ குறைவு. ஒரு பேட்டரி கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் மேட் விரித்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். அஞ்சுகத்துக்கு அவளிடம் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

"கோச், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"மேல ஏறிட்டேன். அப்பால இன்னா பண்றது? பிடிச்சு வெக்கணுமா, அட்டாக் பண்ணணுமா? பிடிச்சு வெச்சேன், தோத்தேன். அட்டாக் பண்ணேன், தோத்தேன். மூணாவதா ஒண்ணு இருந்தா அதையும் இப்பவே சொல்லிடுங்க."

நிலோஃபர் மேட்டில் மல்லாந்து படுத்தாள்.

"ஏறுங்க."

அஞ்சுகம் ஏறி உட்கார்ந்தாள். வழக்கம்போலத் தலையைக் கட்டிப் பிடிக்கக் குனிந்தாள்.

"கையை எடுங்க. ஜடையை அவிழுங்க."

"இன்னாத்த?"

"ஜடையை அவிழ்த்துட்டு மறுபடியும் பின்னுங்க. நான் எழுந்திருக்கப் பாப்பேன். பின்னி முடிக்கிற வரைக்கும் நீங்க மேலேயே இருக்கணும்."

அஞ்சுகத்துக்கு இடுப்பு வரைக்கும் முடி. நிதானமாகப் பின்னினாலே ஐந்து நிமிஷம் ஆகும்.

"நான் கேட்டது இன்னா, நீங்க சொல்றது இன்னா?"

"அவிழுங்கக்கா."

பக்கத்து மேட்டில் தமயந்தி இருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதையும் சும்மா விட மாட்டாள்.

"பூ வாங்கிட்டு வரட்டாக்கா? மல்லியா, கனகாம்பரமா?"

"உன் வாயில வெக்க எருக்கம்பூ வாங்கினு வா."

அஞ்சுகம் ஜடையை அவிழ்த்தாள். முடியை மூன்றாகப் பிரிப்பதற்குள் தரையில் கிடந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். அன்றைக்கு மட்டும் பதினான்கு தடவை. ஒரு பின்னல்கூட விழவில்லை.

இரண்டாம் நாள் தொடையால் இறுக்கிப் பார்த்தாள். மூன்று மாடி ஏறுகிற தொடை. நிலோஃபருக்கு மூச்சு முட்டியது, முகம் சிவந்தது. ஆனாலும் புரட்டிவிட்டாள். வீட்டுக்குப் போகும்போது அஞ்சுகத்தால் படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள்.

மூன்றாம் நாளும் அதே கதை. நான்காம் நாள் இரண்டு பின்னல் விழுந்தது.

ஐந்தாம் நாள் முடிக்குள் விரல் மாட்டிக்கொண்டது. அப்படியே குப்புற விழுந்தாள். மூக்கு மேட்டில் தேய்ந்தது. எழுந்து உட்கார்ந்தவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"மிருதுளா அங்க கை மடக்கப் பழகினு இருப்பா. நான் இங்க தலை சீவிக்கினு கீறேன். அசிங்கமா இருக்கு கோச்."

"இருக்கும்."

"இத வெச்சு நான் ஜெயிப்பேனா?"

"தெரியலக்கா."

அஞ்சுகம் பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டினாள். பையை எடுத்தாள். போய்விட்டாள்.

"அவ்ளோதான், அக்கா வராது" என்றாள் தமயந்தி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நிலோஃபர் சாவியோடு வந்தபோது அஞ்சுகம் படியில் உட்கார்ந்திருந்தாள். கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் மாடி ஏறினாள். கோபத்தோடுதான் ஜடையை அவிழ்த்தாள்.

"படுங்க கோச்."

அன்றைக்கு ஏதோ மாறியது. நிலோஃபர் இடுப்பைத் தூக்கினால் அஞ்சுகம் அழுத்தவில்லை, கூடவே மேலே போனாள். இறங்கினால் கூடவே இறங்கினாள். நிலோஃபர் பக்கவாட்டில் திரும்பினால் ஒரு முட்டியை அக்குள் பக்கம் தள்ளி வைத்து, பாதத்தை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, பின்னிக்கொண்டே இருந்தாள். யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. கை இரண்டும் வேலையாக இருந்ததால் மிச்ச உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. பாதி ஜடை வந்தது.

ஏழாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. எழுந்திருக்க முடியாமல் நிலோஃபர் கையை நீட்டி அஞ்சுகத்தின் மார்பைத் தள்ளினாள். முழங்கை தரையை விட்டு மேலே வந்துவிட்டது. மடக்குவதற்கு அதைவிட நல்ல கை கிடைக்காது.

"கோச், கை."

"பின்னுங்க."

"கை வருது கோச். இந்தா, நீட்டினு கீது பாருங்க."

"உங்க கை சும்மாவா இருக்கு? பின்னுங்க."

அஞ்சுகம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். அன்றைக்கு மூன்று தடவை அந்தக் கை வந்தது. எட்டாம் நாள் ஐந்து தடவை. இலையில் பிரியாணியைப் போட்டுவிட்டுத் தொடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. தொட முடியாததால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள், கை வருவதற்கு முன்னாலேயே தெரிய ஆரம்பித்தது. கை வருவதற்கு முன்னால் நிலோஃபர் முகத்தைத் திருப்புவாள். அதற்கும் முன்னால் மூச்சை வெளியே விடுவாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் "பின்னுங்க" என்றுதான் பதில் வரும்.

பதினோராம் நாள் முழு ஜடையும் பின்னினாள். நுனியில் ரப்பர் பேண்ட் போட்டாள். முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அதுவரைக்கும் நிலோஃபரால் அவளை அசைக்க முடியவில்லை.

தமயந்தி இந்தத் தடவை பூவைப் பற்றிப் பேசவில்லை.

"பின்னிட்டேன் கோச். ஏழு தடவை கை வந்துச்சு. ஏழையும் விட்டேன்."

"எண்ணினீங்களா?"

"எண்ணாம? வயிறு எரிஞ்சுது."

"சரி. நாளைக்குக் காலையில சீக்கிரம் கிளம்பணும். போய்த் தூங்குங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

நிலோஃபர் மேட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

போட்டி சேலத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையில் மேஜை போட்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே, சாப்பாட்டுக்கு நாற்காலி போடும் இடத்தில் மேட்.

அஞ்சுகமும் மிருதுளாவும் எதிரெதிரே நின்றார்கள். மிருதுளா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. தெரிந்தவளைப் பார்த்த சிரிப்பு.

ஐந்து நிமிஷ ஆட்டம். முதல் நிமிஷத்தில் மிருதுளா அவளைத் தரையில் சாய்த்தாள். இரண்டு புள்ளி. அஞ்சுகம் கீழே கிடந்து திணறினாள், காலை நுழைத்தாள், புரட்டினாள், மேலே வந்தாள். மிருதுளாவின் காலைத் தாண்டி வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு நிமிஷம் மிச்சம். புள்ளியில் அஞ்சுகம்தான் முன்னால்.

"போதும்க்கா, அப்படியே உக்காருங்க, ஜெயிச்சிடலாம்" என்று தமயந்தி தொண்டை கிழியக் கத்தினாள்.

"இடுப்பைத் தூக்கு, புரட்டு" என்று மிருதுளாவின் கோச் கத்தினார்.

நிலோஃபர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

மிருதுளா இடுப்பைத் தூக்கினாள். அஞ்சுகம் கூடவே போய்க் கூடவே வந்தாள். மிருதுளாவின் கைகள் அஞ்சுகத்தின் கையைத் தேடின. போன தடவையெல்லாம் பிடித்து இழுக்க ஒரு கை அங்கே இருந்தது. இப்போது இல்லை. அஞ்சுகத்தின் இரண்டு கையும் தன் மார்புக்குப் பக்கத்திலேயே சும்மா இருந்தன.

மிருதுளா தள்ளினாள். கை வந்தது. அஞ்சுகம் பிடித்தாள். மிருதுளா சுதாரித்து இன்னொரு கையால் தன் கையைக் கோத்துக்கொண்டாள்.

போன வருஷம் இந்த இடத்தில்தான் அஞ்சுகம் பிடிவாதமாக இழுத்து விழுந்தாள். இந்தத் தடவை விட்டுவிட்டாள். கையை விட்டாள், இடத்தை விடவில்லை.

"நேரம் போகுதுக்கா, உக்காந்தா போதும்" என்றாள் தமயந்தி.

அஞ்சுகம் தமயந்தி சொன்னதைக் கேட்கவில்லை. மிருதுளாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிருதுளா இன்னொரு தடவை தூக்கினாள். இன்னொரு தடவை. அப்புறம் மூச்சை வெளியே விட்டாள். முகத்தைத் திருப்பினாள்.

கை வருவதற்குள் அஞ்சுகத்தின் முட்டி நகர்ந்துவிட்டது. கை வந்தபோது அவளுடைய இரண்டு கையும் அங்கே காத்திருந்தன. முகத்தைத் தாண்டிக் காலைப் போட்டாள். பிடித்த கையோடு மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள்.

மிருதுளா தட்டினாள். இருபத்திரண்டு வினாடி மிச்சம் இருந்தது.

அஞ்சுகம் கையைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"என்னக்கா, உங்க கையைக் காணவே காணோம்" என்றாள் மிருதுளா, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

"வலிக்குதா?"

"இல்லக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷம் என்கூட மோத ஆளே இல்லடி. நீ வயசாகி வந்து சேரு."

மெடல் கொடுத்தார்கள். தமயந்தி பதினேழு போட்டோ எடுத்தாள். பதினேழிலும் அஞ்சுகம் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது.

கோச்சைத் தேடிக்கொண்டு போனாள். நிலோஃபர் மண்டபத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்துத் திட்டில் உட்கார்ந்து, டி-ஷர்ட்டைக் கொஞ்சம் தூக்கி, விலாவைச் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும், அஞ்சுகத்தின் முட்டி அழுந்துகிற இடத்தில், தோல் கறுத்துப் போயிருந்தது.

அஞ்சுகம் அதைப் பார்த்தாள். ஆனாலும் கேட்டாள். கேட்காமல் பஸ் ஏற மாட்டாள்.

"ஜெயிச்சாச்சு கோச். இப்பவாச்சும் சொல்லுங்க. பிடிச்சு வெக்கணுமா, அட்டாக் பண்ணணுமா? இத்தினி நாளா கேக்கறேன், ஒரு வார்த்தை சொல்லல நீங்க."

நிலோஃபர் பட்டையின் கடைசிச் சுற்றையும் அவிழ்த்தாள்.

"பதினோரு நாளா உங்களுக்குக் கீழ கிடந்து வேற என்னக்கா சொன்னேன்?"