மச்சம் இரண்டு, மார்பளவு போட்டோ இரண்டு

உப்பாங்குளத்தில் புத்தியுள்ளவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குப் போனார்கள், வந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் மீதி மூன்று பேரைப் பற்றித்தான். தளவாய், கொம்பையா, பூதப்பாண்டி.

மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன பேச்சை அப்படியே கேட்பார்கள். வியாதியே அதுதான். ஒருநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போய்க்கிட்டே இரு" என்று கத்தியதற்கு, கொம்பையா பின்வாசலில் ஏறி உள்ளே போய்க்கொண்டே இருந்து முன்வாசல் வழியாக ரோட்டில் இறங்கிவிட்டான். பஸ் போய்விட்டது. அவனுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. சொன்னதைச் செய்தாயிற்று.

தளவாய்க்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் பிரமு. தையல் கம்பெனியில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள். தளவாயைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. தளவாய்க்கும் விளங்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று அவன் கேட்கவில்லை.

பிரமுவின் அப்பா பொன்னுலிங்கம் மாவு மில் வைத்திருப்பவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யூனிபாரம் போட்ட வேலையா இருக்கணும். ஆவணி பத்தாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நிச்சயத்துக்கு நல்ல நேரம். வெத்தலைத் தட்டுல செக்யூரிட்டி சர்டிபிகேட்டும் இருக்கணும். இல்லன்னா வெத்தலைய நீங்களே மென்னுக்கிடுங்க."

பக்கத்தில் புதிதாக நூல் மில் திறக்கப் போகிறார்கள், மூன்று காவலாளிகள் வேண்டும், ஆனால் முறைப்படி பதிவு செய்து இருபது நாள் பயிற்சி எடுத்தவனைத்தான் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டார்கள். மூன்று வேலை, மூன்று பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

பயிற்சி நிலையத்தில் ஒரு அக்கா பாரத்தைக் கொடுத்தாள். "பூர்த்தி பண்ணுங்க. மார்பளவு போட்டோ ரெண்டு ஒட்டுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"மார்பளவுன்னா என்னலே?" என்றான் தளவாய்.

"மார்போட அளவு. செக்யூரிட்டி வேலைல்லா? நெஞ்சு எத்தனை அகலம்னு பாப்பாங்க" என்றான் கொம்பையா.

நியாயமாகத்தான் பட்டது. போட்டோ ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் டெய்லரிடம் டேப் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டுடியோக்காரர் "மூஞ்சி வேண்டாமா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார். "பாரத்துல மூஞ்சின்னு போடலையே அண்ணாச்சி" என்று தளவாய் மூன்று தடவையும் பணிவாகவே சொன்னான். சட்டையைக் கழற்றி, டேப்பைச் சுற்றி, கழுத்துக்குக் கீழே வயிற்றுக்கு மேலே ஆளுக்கு இரண்டு போட்டோ.

அக்கா மூன்று பாரத்தையும் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இதுல யாரு யாரு?"

"முப்பத்தினாலு நான். முப்பத்தாறு பூதம். முப்பத்தொண்ணு கொம்பையா. மூச்சை விட்ட நேரமாப் பாத்து எடுத்துட்டாரு, நல்லா இழுத்தா முப்பத்திரண்டு வரும்."

இன்னொரு தடவை போட்டோ எடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மச்சத்தில்தான் பெரிய சிக்கல்.

'அங்க அடையாளங்கள் இரண்டு' என்று பாரத்தில் இருந்தது. தளவாய்க்கு இரண்டு இருந்தன. கொம்பையாவுக்கு மூன்று. பூதப்பாண்டிக்கு இடது முழங்கையில் ஒரே ஒரு மச்சம். தேடித் தேடிப் பார்த்தார்கள். ஒன்றுதான்.

"ஒண்ணை வச்சுக்கிட்டு எப்படிலே லைசென்ஸ் தருவான்?" பூதப்பாண்டி இருந்த ஒரு மச்சத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டான்.

கொம்பையா அவன் தோளில் கை போட்டான். "எனக்கு ஒண்ணு கூடுதலாத்தானே கிடக்கு. முதுகுல இருக்கு. நான் பாக்கவும் முடியல, எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. நீ வச்சுக்க."

"மனசாரத் தாரியா?"

"மனசாரத் தாரேன்."

பூதப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாரத்தில் எழுதினான்: 'ஒன்று, இடது முழங்கையில் மச்சம். இரண்டு, கொம்பையா முதுகில் மச்சம்.'

ஸ்டேஷனில் ஏட்டையா பாரத்தைப் படித்தார். "ரெண்டாவது மச்சம் எங்கலே?"

"கொம்பையா, சட்டையக் கழத்து" என்றான் பூதப்பாண்டி.

கொம்பையா திரும்பி நின்றான். பூதப்பாண்டி விரலை வைத்துக் காட்டினான். "இதுதான் சார் என் மச்சம்."

ஏட்டையா அந்த மச்சத்தைப் பார்த்தார். பூதப்பாண்டியைப் பார்த்தார். அப்புறம் மூன்று பாரத்திலும் 'குற்ற வழக்குகள் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்த மூளையை வைத்துக்கொண்டு யாரும் ஒரு குற்றம்கூடச் செய்ய முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பயிற்சி தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் ஞானதிரவியம் சார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பனிமலையில் எல்லாம் நின்றவர். எதற்கும் அசராதவர் என்று பேர். இரண்டாம் நாள்வரை அந்தப் பேர் இருந்தது.

முதல் நாள் முடிவில் அவர் சொன்னார்: "காவல் வேலைன்னா சும்மா இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும்."

மறுநாள் காலை மூன்று பேரும் ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் இருந்த தென்னைமரத்துக்கு முன்னால் வரிசையாக நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

"ஏம்லே மரத்துக்கு சல்யூட் அடிக்கீங்க?" சார் குரல் பின்னால் இருந்து வந்தது.

"நீங்கன்னு நெனச்சோம் சார்" என்றான் தளவாய், மரத்தைப் பார்த்தபடியே. "ஒசரமா இருந்துச்சு. கண்ணுல எண்ணெய் வழியுது சார். எதுவும் தெரியல. எப்படி சார் இத ஊத்திக்கிட்டு ராணுவத்துல இத்தனை வருசம் இருந்தீங்க?"

தீயணைப்புப் பயிற்சி ஒன்பதாம் நாள். சார் ஒரு தகர டப்பாவில் பழந்துணியைப் போட்டுக் கொளுத்தினார். சிவப்பு சிலிண்டரை பூதப்பாண்டி கையில் கொடுத்தார். "மேல அடிச்சுப் பிரயோசனம் இல்ல. நெருப்போட அடியில அடி!"

பூதப்பாண்டி சிலிண்டரைத் தலைக்கு மேலே தூக்கி நெருப்பின் அடியில் ஓங்கி அடித்தான். நாலு அடி. டப்பா தட்டையாகிவிட்டது. நெருப்பு அணைந்துவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. சார்கூட மறுக்கவில்லை. அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்படியே இருபதாம் நாள் வந்தது. ஆவணி பத்து. மத்தியானம் தேர்வு. தேறினால் கையோடு சர்டிபிகேட். தளவாய் அதைத் தூக்கிக்கொண்டு அஞ்சு மணிக்குள் பிரமு வீட்டில் நிற்க வேண்டும். தேறவில்லை என்றால் வெற்றிலையை மெல்ல வேண்டும்.

ஒரு மணிக்கு சார் ஒரு புது ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து கேட் பக்கத்து மேஜையில் வைத்தார்.

"இன்னைக்கு இந்த கேட் உங்க பொறுப்பு. அதிகாரி வந்து பாப்பாரு. ரிஜிஸ்டர்ல ஏறாம ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது. உள்ள வந்ததா எழுதாத ஆளு வெளிய போகக் கூடாது. பெறகு எழுதிக்கிடலாம்னு நேரத்தை மாத்திப் போட்டா லைசென்ஸ் போச்சு. நானே வந்து விடச் சொன்னாலும் விடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

பத்தே நிமிஷத்தில் மதில்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. தளவாய் எழுதினான்: 'பெயர்: காக்கா. ஊர்: தெரியவில்லை. வந்த காரணம்: கேட்டதற்குப் பதில் இல்லை. போன நேரம்: 1.14.'

அதிகாரி வந்தார். முறையாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். தன் டிரைவரைத் திருடன் மாதிரி பின்பக்கச் சுவர் ஏறிக் குதிக்கச் சொல்லியிருந்தார். அது தேர்வின் ஒரு பகுதி. டிரைவர் குதித்தார், ஆபீஸில் இருந்த மேஜை ஃபேனைத் தூக்கினார், நேராக கேட்டுக்கு வந்தார்.

"பேரு?" என்றான் தளவாய்.

"எதுக்கு? நான் வெளிய போறேன்."

தளவாய் ரிஜிஸ்டரைப் புரட்டினான். "நீங்க உள்ளயே வரலையே அண்ணாச்சி."

"வந்துதானே நிக்கேன்?"

"எழுத்துல வரலை. வராத ஆளு எப்படிப் போக முடியும்?"

டிரைவர் திகைத்தார். "சரி, அப்ப வந்த வழியாவே போறேன். சுவரேறி."

"சுவரேறுறது தப்பு" என்றான் கொம்பையா. "பாத்தா நல்ல குடும்பம் மாதிரி இருக்கு. அப்படியெல்லாம் செய்யக் கூடாது."

"நான் திருடன்லா!"

"அது உங்க தொழில். நாங்க அதுல தலையிடல. வெளிய மட்டும் விட மாட்டோம். நிக்கத்தானே செய்யுதீங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க. வேக்காடா இருக்கு."

ஒன்றரை மணி நேரம் டிரைவர் அங்கேயே நின்றார். அதிகாரி வந்து பார்த்தபோது திருடன் ஃபேனைப் பிடித்துக்கொண்டிருக்க, மூன்று பேரும் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபேன் எதிலும் சொருகப்படவில்லை என்பதை அதிகாரி கவனிக்கவில்லை. திருடனைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தார். மூன்று பேரும் தேர்ச்சி. பிடிபட்டவனைப் பெற்றுக்கொண்டதாக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் டிரைவரைக் காரில் ஏறவிட்டார்கள்.

மூன்றேகால். சர்டிபிகேட் கையில். தளவாய்க்கு அழுகை வந்தது. கேட்டை நோக்கி ஓடினான்.

"நில்லு" என்றான் பூதப்பாண்டி. ரிஜிஸ்டர் அவன் கையில் இருந்தது. "உன் பேரு இதுல இல்லையே."

தளவாய் எட்டிப் பார்த்தான். இல்லைதான். அவர்கள் வந்தது காலை எட்டரைக்கு. ரிஜிஸ்டர் வந்தது ஒரு மணிக்கு.

"அய்யோ, நான் உள்ள வரவே இல்லையாலே!"

"நாங்களும்தான் வரலை."

ஞானதிரவியம் சார் ஓடி வந்தார். "ஏலே, அவனுக்கு இன்னைக்கு நிச்சயம்லே! போக விடுங்கலே!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார் டெஸ்ட் வைக்காரு. விட்டுறாத" என்று தளவாயே மெதுவாகச் சொன்னான். அதோடு சாரும் காலை ஒன்பதுக்கே வந்தவர். அவர் பேரும் ரிஜிஸ்டரில் இல்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்லி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள்.

"திருடன்னு சொல்லி ஒப்படைச்சா வெளிய போகலாம்" என்றான் பூதப்பாண்டி.

"நிச்சயத்தன்னைக்கா?" என்றான் தளவாய். அது சரிவராது என்று விட்டுவிட்டார்கள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போக மாவு மில் வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. பொன்னுலிங்கம் பட்டு வேட்டியோடு இறங்கினார். பிரமுவும் பட்டுச் சேலையோடு இறங்கினாள்.

"மாப்ளே, நேரம் போவுது! என்ன நின்னுக்கிட்டு இருக்கீரு?"

"வர முடியாது மாமா. நான் இன்னும் இங்க வரவே இல்ல."

பொன்னுலிங்கம் மகளைப் பார்த்தார். "இந்தப் பயதான் வேணுமா உனக்கு?"

"சொன்ன சொல்லைத் தட்டாத ஆளு வேணும்னு கேட்டேன்பா. இவ்வளவு தட்டாதவருன்னு தெரியாது" என்றாள் பிரமு. "ஆனா இவருதான் வேணும். எப்படியாவது எடுங்க."

அந்த 'எடுங்க' என்ற சொல் கொம்பையாவின் மண்டையில் போய் எங்கோ இடித்தது. அவன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தான்.

"ஆளு வெளிய போகணும்னா ரிஜிஸ்டர். பொருள் வெளிய போகணும்னா கேட்பாஸ். தளவாயால ஆளாத்தானே போக முடியாது? பொருளாப் போகலாம்லா!"

சார் ஸ்டூலில் இருந்தபடியே கையை நீட்டினார். "குடு, கையெழுத்துப் போடுதேன்."

பூதப்பாண்டி எழுதினான். "பொருளின் பெயர்: மாப்பிள்ளை. எண்ணிக்கை: ஒன்று. நிலை, புதுசா பழசா?"

"இருபத்தேழு வருசம் ஆச்சு. பழசுதான்" என்றான் கொம்பையா.

"இன்னும் உபயோகிக்கலையே" என்றான் தளவாய்.

"அப்ப புதுசு. வெளிய போறது திரும்ப வருமா, வராதா?"

"வராதுன்னு போடுங்க" என்றாள் பிரமு.

பொன்னுலிங்கம் தளவாயை ஏற இறங்க ஒருதடவை பார்த்தார். பேனாவை வாங்கி, 'திரும்ப வரும்' என்பதில் தானே டிக் அடித்தார்.

தளவாயைத் தூக்கி மாவு மூட்டைகளுக்கு நடுவில் வைத்தார்கள். பொருள் பேசக் கூடாது என்பதால் அவன் வாயே திறக்கவில்லை. பெண் வீட்டிலும் திறக்கவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் இப்படி அடக்கமான பையனைப் பார்த்ததே இல்லை என்றார்கள். அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வெற்றிலையோடு சர்டிபிகேட்டையும் வைத்துத் தட்டு மாற்றினார்கள்.

திரும்ப வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், ஏழு மணிக்கு வேன் அவனைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போனது.

ஸ்டூலில் இருந்த சார் எழுந்தே விட்டார். "ஏலே, நிச்சயம் ஆச்சாலே?"

"தெரியல சார்" என்றான் தளவாய். "என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல."

பூதப்பாண்டி கேட்டைத் திறக்காமல், கம்பி வழியாக கேட்பாஸோடு அவனை ஒப்பிட்டுப் பார்த்தான். தலை இருந்தது. கை இருந்தது. கீறல் இல்லை. கடைசியில் விரலில் வந்து நின்றான்.

"போறப்ப இல்லாத மோதிரம் ஒண்ணு கூட வந்திருக்கு" என்றான். "இது யாருது, எதுக்கு வந்துச்சுன்னு தெரியாம உன்னைய உள்ள விட முடியாது."

தளவாய் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நியாயம்தாம்லே" என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டான்.