காக்கை இறங்காத கூரைகள்

தெருவில் படுப்பவர்களே, கேளுங்கள். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டவர்களே, நீங்களும் கேளுங்கள். வெண்கோட்டைப் பட்டணத்தைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்ட காலத்தில் நடந்தது இது.

பட்டணத்துக்குள் முந்நூறு புதிய வீடுகள் எழுந்தன. அவற்றுக்குக் கல் சுமந்தவர்களும் மண் குழைத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் மதிலுக்கு வெளியே ஓலைக்கு அடியில் கிடந்தார்கள். ஐப்பசி மழைக்கு ஏழு நாள் இருக்கையில் ஆணை வந்தது: பட்டணத்தில் வீடு போதவில்லை, மதிலோரத்தார் ஊரைவிட்டுப் போக வேண்டும்.

சுண்ணாம்பு அரைக்கும் சடைச்சி, மூன்று பிள்ளைகளின் தாய், நேரே சபைக்குப் போனாள். முந்நூறில் பாதி வீட்டில் ஆளே இல்லை, பிறகு எப்படிப் போதாமல் போகும் என்று கேட்டாள்.

வீடுகளின் சொந்தக்காரன் நிதியப்பன் எழுந்தான். விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்த வணிகன் அவன். எல்லா வாசலிலும் காலையில் கோலம் இருக்கிறது, மாலையில் விளக்கு எரிகிறது, ஆள் இல்லாமலா என்றான். கோலம் போடவும் விளக்கேற்றவும் அவன் கூலிக்கு ஆள் வைத்திருந்தான். அதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று பண்டிதர்கள் மூன்று நாள் வாதாடினார்கள். காலி வீட்டுக்கும் வீடில்லாதவனுக்கும் தொடர்பே இல்லையாம். மூவரும் சொந்த வீட்டில் தூங்கி எழுந்து வந்தவர்கள்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் சடைச்சி சொன்னாள்: "மகாராசா, மேல்மாடத்துக்கு வாங்க. காக்காயைக் கேட்போம்."

"காக்காய் சாட்சி சொல்லுமா, ஆத்தா?" என்று சிரித்தான் நிதியப்பன்.

"உங்க கூலி வாங்காத சாட்சி அது ஒண்ணுதான், ஐயா."

அந்த ஊரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் எவரும் உண்பதில்லை. அரசன் மாடத்திலிருந்து பார்த்தான். பழைய தெருக்களின் கூரையெல்லாம் கறுத்துக் கிடந்தது, அத்தனை காக்கை. புதிய தெருக்களில் ஒரு கூரையில் கூட்டம், அடுத்ததில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கோலத்தையும் விளக்கையும் நினைத்த வணிகன் சோற்றை மறந்துபோனான்!

கதவுகளை உடைத்தார்கள். நூற்றைம்பது வீடு, ஒன்றிலும் அடுப்பில் கரி படவில்லை.

அரசன் நல்லவன் என்பதால் நீதி செய்தான் என்று எண்ணாதீர்கள். அரண்மனை வாசலில் மதிலோரத்தார் அத்தனை பேரும் நின்றார்கள். ஆணை கிழிந்தது, வீடுகள் திறந்தன. முதல் மழை கொட்டியபோது சடைச்சியின் பிள்ளைகள் நனையாமல் தூங்கினார்கள். நாங்களும் அதைத்தானே சொன்னோம் என்றார்கள் பண்டிதர்கள்.

ஆளில்லாத வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வீடு போதவில்லை என்பவன், அடுத்தவன் தலைக்கு மேலுள்ள கூரையைத் திருடுகிறான்.