பளிங்குக்குள் ஓடும் தண்ணீர்

"இதும் ஆகாதுங்கம்மா," என்று சொல்லி, சென்னியப்பன் துணி முடிச்சை அவிழ்த்துக் கல்லை மடத்து முற்றத்தில் வைத்தார்.

மடத்துக் குரு மயிலாத்தா கல்லைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"உக்காருங்ண்ணா," என்றார்.

குருவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சீடருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குரு சீடனை அண்ணா என்று கூப்பிடுகிற கூத்து வேறெங்கே நடக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். சென்னியப்பன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காங்கேயத்துப் பக்கம் மழை ஓய்ந்ததும் உழுத செம்மண் காட்டில் கல் பொறுக்குவார்கள். காலை வெயிலை எதிரே வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடக்க வேண்டும். மின்னுகிற இடத்தில் கை வைக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த கல்லைப் பட்டை தீட்டி நகையில் பதிப்பதுதான் சென்னியப்பனின் பிழைப்பு. எந்தக் கல் யாருக்கு ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. மனசு அலைபாய்கிறவர்களுக்குச் சந்திரகாந்தம், இருட்டைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு வைடூரியம் என்று ஊருக்கெல்லாம் அள்ளி விடுவார்.

தங்கச்சிக்கு எது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

போன வருஷம் அவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தங்கை பாவாயி வந்தாள். யாரும் கேட்கும் முன்பே தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி வீடு போய்ச் சேர்ந்தாள்.

இன்று அவர் சோறு தின்பதும் காட்டில் நடப்பதும் அவள் போட்ட உயிர்ப்பிச்சை. இப்படி ஒரு பிறப்பு தனக்குத் தங்கையாக வாய்த்ததே என்று சாமி படத்தின் முன்னால் நின்று தேம்புவார்.

இவ்வளவு நன்றியுள்ள மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தங்கை வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

வெறுங்கையோடு எப்படிப் போவது? குற்றம் குறை இல்லாத ஒரு கல். அதை வைத்து ஒரு பதக்கம். அதற்குப் பிறகுதான் அவள் வாசல் மிதிப்பது என்று சபதம்.

கிடைத்த கல்லிலெல்லாம் ஏதாவது ஒன்று இருந்தது. ஒன்றில் கீறல். ஒன்றில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். தோஷமுள்ள கல்லை வீட்டில் வைக்கக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. ஆகவே தள்ளிய கல்லையெல்லாம் மடத்துச் சுவரோரம் கொட்டிவிட்டுப் போவார். மடத்துக்கு அது ஆகுமா என்று அவர் கேட்டதில்லை.

"பாவாயி சொல்லி உட்டிருக்குதுங்க," என்றார் சென்னியப்பன். "வெள்ளிக்கெழம அது மகளுக்குக் காதுகுத்து."

"நல்லதுங்ண்ணா."

"தாய்மாமன் மடியில உக்கார வெக்காமக் குத்த மாட்டேன்னு இத்தன நாளாத் தள்ளிப் போட்டுட்டே வந்துச்சு. இப்ப மாமியா ஊட்டுல சத்தம் போடறாங்களாமா. இந்த வெள்ளிக்கும் நான் வரலீன்னா, வேற ஆரு மடியிலயாச்சும் உக்கார வெச்சுருவாங்களாமா."

"நீங்க என்ன சொன்னீங்?"

"கல்லு கெடைக்கட்டும்னு சொன்னேனுங்க."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. வேறொருவன் மடியில் அந்தப் பிள்ளை உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மயிலாத்தா கல்லைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு என்ன கொற?"

கல்லைப் பற்றிக் கேட்டால் போதும், சென்னியப்பனுக்குத் துக்கமெல்லாம் மறந்துபோகும்.

"நல்ல சாதிப் பளிங்குங்க. பூமிக்கு அடியில கொழம்பாக் கொதிச்சது ஆறி ஆறித்தான் கல்லாகுதுங்க. அவசரமா ஆறுனா பொடிப்பொடியாப் போயிரும். இது சாவகாசமா வளந்திருக்குது. அதான் இத்தாம் பெருசு, இத்தனை தெளிவு. ஆனா உள்ள பாருங்க."

அவர் கல்லை வெயிலில் சாய்த்தார். உள்ளே ஒரு குமிழி மெல்ல ஏறியது. மறுபக்கம் சாய்த்தார். குமிழி திரும்பி வந்தது.

"என்னது ஓடுது?"

"தண்ணிங்க. கல்லு வளர்றப்ப உள்ள மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள ஒரு காத்துக் குமிழி."

"எப்பலேருந்து இருக்குது?"

"மனுசப் பூண்டே இல்லாத காலத்துலேருந்துங்க."

"அத்தன காலமும் சிந்தாம வெச்சிருக்குது."

"நீங்க வேற, அம்மா. அதுதானுங்க தோஷம். தனக்குச் சொந்தமில்லாத ஒண்ணு உள்ள இருந்தா அந்தக் கல்லு ஆகாது. தொழிலுக்கு வர்றவனுக்கு மொதப் பாடமே அதுதானுங்க."

"தனக்குச் சொந்தமில்லாத ஒண்ணு உள்ள இருந்தா ஆகாதுங்களா?"

ஆமாம் என்று சொல்ல சென்னியப்பன் வாயெடுத்தார்.

அவர் கை தானாக அடிவயிற்றின் வலப்பக்கம் போயிற்று. வேட்டிக்கு உள்ளே அந்தத் தழும்பு இருந்தது. உடம்பு தங்கை கொடுத்ததை வேற்றாள் என்று தள்ளப் பார்க்கும், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது இன்றைக்கு வரை சமர்த்தாக உள்ளே இருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பன் அழுதார். வெகுநேரம் அழுதார். மயிலாத்தா தடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"கெடைச்சிருச்சுங்கம்மா. பாவாயிக்கு இதுதானுங்க கல்லு. இத்தன நாளு கண்ணிருந்தும் குருடனாத் திரிஞ்சிருக்கறேன்."

"சந்தோசம்."

"ரொம்பப் பக்குவமாத் தீட்டணும். கொஞ்சம் சூடு பட்டாலும் உள்ள இருக்கற தண்ணி கல்லப் பொளந்துரும். அப்பறம் பதக்கம் கட்டணும். வெள்ளிக்கெழமைக்குள்ள முடியாதுங்க. அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெக்கச் சொல்லிப் பாவாயிகிட்ட..."

மயிலாத்தா எழுந்தார். கல்லோடு சுவரோரம் போனார். சென்னியப்பன் தள்ளிய மற்ற கற்களோடு அதையும் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சென்னியப்பன் திகைத்துப்போனார்.

"அம்மா, அப்பறம் வெறுங்கையோட எப்படிங்க போறது?"

"காது குத்தறப்ப புள்ள துள்ளுமுங்ண்ணா," என்றார் மயிலாத்தா. "புடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்."