பட்டத்துக் குதிரையின் பாதி வால்

முன்னொரு காலத்தில் கொடுவனூர் நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். குதிரை என்றால் உயிர். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் மேய்ச்சலிலிருந்து திரும்பிய குதிரைகளைப் பார்த்தவர், "வயிறு இப்படித் தொங்குகிறதே! இனி புல் கூடாது. கொள்ளும் வெல்லமும் கொடுத்து லாயத்திலேயே கட்டுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மாதங்கள் போயின. விஜயதசமி ஊர்வலம் நெருங்கியது. பார்த்தால், பட்டத்துக் குதிரையின் வாலில் பாதியைக் காணோம்! பிடரி மயிரும் எலி கொறித்ததுபோல் இருந்தது.

படைத்தலைவரான தளவாய் வீரபாகுவுக்கு மந்திரி அம்பலவாணரைக் கண்டாலே ஆகாது. லாயக்காரன் மொக்கையனோ மந்திரி சேர்த்துவிட்ட ஆள்.

"முடியை வெட்டி விற்றவன் இவன்தான், அரசே!" என்றார் தளவாய்.

மொக்கையனைத் தூணில் கட்டினார்கள். சவுக்கும் வந்தது.

"பொறுங்கள். திருடனை நான் காட்டுகிறேன்" என்றார் மந்திரி. "அரசரும் தளவாயும் லாயத்துக்குப் பக்கத்து அறையில் அமர்ந்து ஜன்னல் வழியே பார்க்கவேண்டும். பேசக்கூடாது, எழக்கூடாது."

காலையில் உட்கார்ந்தார்கள். தட்டில் அதிரசம் மட்டும். வெயில் உச்சிக்கு ஏறியபோது, பக்கத்தில் நின்ற பெண்குதிரை கழுத்தை நீட்டிப் பட்டத்துக் குதிரையின் வாலை மென்று தின்ன ஆரம்பித்தது.

"வேப்பெண்ணெய் தடவினால் விட்டுவிடும்!" என்று தளவாய் ஓடினார். தடவியதும் வாலை விட்டது. லாயத்துத் தூணைக் கடித்தது.

"இதுகளுக்கு என்னதான் கேடு?" என்றார் ராஜா.

மந்திரி தயங்கினார். "அரசே, தங்கள் மீசையைத் தொட்டுப் பாருங்கள்."

தொட்டார். ஒரு முனை ஈரமாக, கடிபட்டுக் கிடந்தது. தளவாயின் அங்கவஸ்திர ஓரமும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"சும்மா இருந்த ஒரு காலைப்பொழுதுக்கே இப்படி" என்றார் மந்திரி. "நாளெல்லாம் எதையாவது மென்றுகொண்டிருக்கப் பிறந்த வாய் குதிரையின் வாய். புல்லில்லை, உப்பில்லை, ஓட இடமில்லை. எட்டியது வால் ஒன்றுதான்."

ராஜா சிரித்தார். எழுந்து மொக்கையனிடம் போனார்.

"நீ ஏனப்பா சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வந்தேன் சாமி. ராஜா உத்தரவுக்கு எதிர்ப்பேச்சா என்று தளவாய் விரட்டிவிட்டார்."

ராஜாவே கட்டை அவிழ்த்தார். தம் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தார். அன்றே லாயத்தில் வைக்கோலும் உப்புக்கட்டியும் வந்தன. குதிரைகள் வெளியே ஓடின. முடி வளரும்வரை வால்களுக்கு வேப்பெண்ணெய் தடவும் வேலை தளவாய்க்கு.

ஊர்வலத்தன்று பாதி வால் குதிரையிலேயே ராஜா வந்தார். ஜனங்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். காவலர்கள் அதட்டப் போனபோது ராஜா கையமர்த்தினார்.

"சிரிக்கட்டும். அந்த வாலைக் கடித்தது நான்தான்."